குச்சி மனிதன் மாடியேறுகிறான்

"இதை நான் போட்டுக்க மாட்டேன் மாப்பிள்ளை. சர்க்கஸ்ல கம்பி மேல நடக்கிறவன் போடற சமாச்சாரம் இது."

மாமனார் இப்படிச் சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். எதிரில், ஒரு கறுப்புப் பேண்ட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, ஜவுளிக்கடைச் சிப்பந்தி மாதிரி மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, இது சும்மா பேண்ட் இல்ல. துணியோட துணியா சென்சார் நூலையும் சேர்த்து நெய்திருக்காங்க. நீங்க முட்டியை மடக்கினா நூல் இழுபடும். எவ்வளவு மடக்கினீங்க, எப்படி நடந்தீங்கன்னு இடுப்புல இருக்கிற இந்தப் பட்டனே போனுக்குச் சொல்லிடும்."

"என் முட்டியை நான் மடக்கறதை ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்?"

"ஊருக்கு இல்ல மாமா. உங்களுக்குப் பயிற்சி சொல்ற பிசியோ அம்மாவுக்கும் உங்க பொண்ணுக்கும்."

"அது ஊரை விட மோசம்" என்று மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று காலமெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னாரே தவிர, அவரை யாரும் புறப்படச் சொன்னதில்லை. முழங்காலில் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தவர் மாப்பிள்ளையின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து நாற்காலியும் அவரும் ஒன்றாகிவிட்டார்கள். டிவி ரிமோட் அவர் மடியில். மாப்பிள்ளை ஒளித்துவைக்கும் சிப்ஸ் பாக்கெட் எங்கே இருக்கிறது என்பதும் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. டீ வந்தால் குடிப்பதற்கு முன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, "லேட்" என்பார்.

நம் மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகிறது. முன்தலையில் முடி போய், காதோரம் நரைத்து, தொப்பை முன்னால் போக அவர் பின்னால் போகும் வயதாகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் கட்டடங்களுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அவர் வரைந்த மாடிப்படிகளில் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். அவர் மட்டும் முதல் மாடியிலிருக்கும் சொந்த வீட்டுக்கே லிஃப்டில்தான் வருவார். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் ஒருமுறை கண்டிப்பாகச் சொன்னபோது உடனே போய் நல்ல ஷூ வாங்கிவந்தார். ஷூ பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. வாங்கியதே பாதி நடந்த மாதிரிதான் என்பது அவர் கட்சி.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, குச்சி மனுஷன் அசையவே இல்லையே? அப்பா பேண்ட் போட்டாரா இல்லையா?"

குச்சி மனிதன் என்பது போன் திரையில் தெரியும் கோட்டுருவம். பேண்ட் போட்டவர் என்ன செய்கிறாரோ அதை அப்படியே அவனும் செய்வான். உடம்பு சரியாக அசையாதவரை அவன் சிவப்பாக இருப்பான். கொஞ்சம் தேறினால் மஞ்சள். நன்றாகத் தேறினால் பச்சை. பச்சை வந்து ஒரு வாரம் மாறாமல் நின்றால் பேஷண்ட்டுக்கு விடுதலை என்று பிசியோ அம்மா சொல்லியிருந்தார். மாமனாரின் சொந்த வீடு லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. பச்சை வந்தால் அவர் அங்கே போய்விடலாம்.

"இதோ போடப்போறார்" என்றார் மாப்பிள்ளை.

"பாருங்க, அப்பாவுக்குப் பச்சை வரலைன்னா அவரை நான் தனியா அனுப்பமாட்டேன். இங்கயே இருந்துடட்டும். உங்க வேலை ரூம்ல கட்டில் போட்டுடலாம். நீங்க சாப்பாட்டு மேஜையில உக்காந்து பிளான் போடுங்க."

மாப்பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்காலி போனது. ரிமோட் போனது. இப்போது அறையும் போகப்போகிறது. அவள் சொன்னால் செய்துவிடுவாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் வேலை அவளுக்கு. மற்றவர் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியும் என்று மாப்பிள்ளை நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் காரணங்களும் இருந்தன.

"மாமா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு தடவை போட்டுக்குங்க."

"காலைத் தொடாதீங்க. வலிக்கும்."

 மாப்பிள்ளை பேண்ட்டைப் பார்த்தார். மாமனாரின் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். திரையில் தெரியப்போவது குச்சி மனிதன்தான். குச்சி மனிதனுக்கு முகமா இருக்கிறது?

அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேண்ட்டை மாட்டிக்கொண்டார். என்ன துணியோ, இழுத்த இழுப்புக்கு வந்து காலோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார், மடக்கினார். இடது காலை நீட்டினார், மடக்கினார். திரையில் சிவப்பாகப் படுத்திருந்த குச்சி மனிதன் திடுக்கிட்டு எழுந்து கால் ஆட்டினான்.

உடனே போன்.

"பாத்தீங்களா! அப்பா பண்றாருங்க! எப்படிங்க சம்மதிக்க வெச்சீங்க?"

"நான் சொன்னா மாமா தட்டமாட்டார்" என்றார் மாப்பிள்ளை. இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதை பிசியோ அம்மா கூப்பிடும்வரைதான் நீடித்தது.

"பேஷண்ட் நல்லா ஒத்துழைக்கிறாரு. ஆனா பாருங்க, இடுப்புப் பட்டையில மூச்சும் தெரியுது. காலை ஆட்டினதுக்கே இப்படி இரைக்குது. வயிறு வேற ரொம்ப விரியுது. என்ன சாப்பிடறாரு?"

மாப்பிள்ளை மடியிலிருந்த கேக் துண்டைப் பார்த்தார்.

"வயசாச்சு இல்லையா மேடம். கொஞ்சம் அதிகமாத்தான் சாப்பிடறார்."

"சாப்பாட்டைக் கட்டுப்படுத்தணும். நான் உங்க வீட்டுல பேசிக்கிறேன்."

பேசிவிட்டார். அன்று இரவே சாப்பாட்டு மேஜையில் வேகவைத்த காய்கறியும் உப்புப் போட்டதா இல்லையா என்று சந்தேகப்பட வைத்த ஒரு சூப்பும் வந்து உட்கார்ந்தன. மாமனாருக்கு ஒரு கிண்ணம், மாப்பிள்ளைக்கு ஒரு கிண்ணம்.

"எனக்கு எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"அப்பா இதைச் சாப்பிடும்போது நாம எதிர்ல உக்காந்து வேற சாப்பிட்டா நல்லாவா இருக்கும்? அவர் மனசு கஷ்டப்படாதா?"

மாமனார் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு மகளையும் மாப்பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னால உங்களுக்கும் கஷ்டம் மாப்பிள்ளை" என்றார். நியாயமாக இதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் இருக்க வேண்டும். கோபம்தான் இருந்தது.

இரண்டு நாள் கால் ஆட்டியதிலேயே மாப்பிள்ளைக்குத் தொடையெல்லாம் கெஞ்சியது. பிசியோ அம்மா நாளுக்கு நாள் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனார். உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டுமாம். நின்றபடி காலைப் பின்னால் தூக்க வேண்டுமாம். ஊருக்கெல்லாம் பிளான் போட்டுக் கொடுக்கிறவர் தனக்கொரு பிளான் போடாமல் இருப்பாரா?

போட்டார். பேண்ட்டின் இரண்டு காலிலும் சின்னத் தலையணைகளைத் திணித்தார். இடுப்புப் பக்கத்தைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார். ஒரு காலின் நுனியை அறைக் கதவின் கைப்பிடியில் முடிந்தார். கதவில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் நாற்காலிக்குக் கொண்டுவந்தார். இழுத்தால் கதவு திறக்கும், கால் மடங்கும். விட்டால் கதவு மூடும், கால் நீளும். ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் பிளான் வரைந்தார். குச்சி மனிதன் கடமை தவறாமல் கால் நீட்டி மடக்கினான். மஞ்சள்கூட எட்டிப் பார்த்தது.

எல்லாம் காற்று அடிக்கும்வரைதான். ஜன்னல் திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அடித்த காற்றில் கதவு படாரென்று சுவரில் மோதித் திரும்பி வந்து, மறுபடி மோதியது. கட்டிலிலிருந்து முடிச்சு அவிழ்ந்தது. பேண்ட் கைப்பிடியில் தொங்கியபடி ராட்டினம் சுற்றியது. திரையில் குச்சி மனிதனின் வலது கால் தலைக்கு மேலே போய், முதுகுப் பக்கமாக இறங்கி, இடது தோளருகே வந்து நின்றது.

முதலில் மனைவி கூப்பிட்டாள்.

"ஐயோ! அப்பா விழுந்துட்டாரா? காலு எங்கயோ போயிருக்கே!"

அதை முடிப்பதற்குள் பிசியோ அம்மா.

"என்ன சார் நடக்குது அங்க? பேஷண்ட்டோட கால் அவர் கழுத்துக்குப் பின்னாடி இருக்கு!"

மாப்பிள்ளையின் வாயில் முதலில் வந்தது பொய்தான். ஆனால் அது எந்தப் பொய் என்று யோசிக்க அவகாசம் இல்லை.

"அது... சின்ன வயசுல மாமா ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணுவாராம் மேடம். திடீர்னு ஆர்வம் வந்துடுச்சு."

 மறுமுனையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமியது போல இருந்தது.

"அப்படின்னா ரொம்ப நல்லது" என்றார் பிசியோ அம்மா. "இவ்வளவு வளையுதுன்னா இனிமே உக்காந்து பண்ற பயிற்சி போதாது. நாளையிலேர்ந்து மாடிப்படி. கீழேர்ந்து மொட்டைமாடி வரைக்கும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

மாப்பிள்ளை கையில் கயிற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தால், வாசற்படியில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாமனார் நின்றார். கதவில் தொங்கும் பேண்ட்டையும் தரையில் கிடக்கும் தலையணையையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஓ, இப்படித்தான் எனக்குக் குணமாகுதா?" என்றார்.

"மாமா, தயவுசெய்து உங்க பொண்ணுகிட்ட..."

"நான் ஏன் சொல்லப்போறேன்? ஆனா மாப்பிள்ளை, எனக்கும் சில வசதிகள் வேணும் இல்லையா?"

அவருடைய வசதிகள் வரிசையாக வந்தன. தெருமுனைக் கடைப் பேப்பர் அவருக்குப் பிடிக்காதாம். பாலத்தைத் தாண்டியிருக்கும் கடையில் வாங்கும் பேப்பர்தான் மொடமொடவென்று இருக்குமாம். அதுவும் வண்டியில் கொண்டுவந்தால் கசங்கிவிடுமாம். நடந்து போய் வாங்கி வர வேண்டும். சாயங்காலம் பூங்காவைச் சுற்றிவந்து, அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு வந்து சொல்ல வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டுகள் இனிமேல் அவர் பாதுகாப்பில் இருக்கும். இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டால் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

"இது பிளாக்மெயில் மாமா."

"பேப்பர் லேட்டாயிடப் போகுது" என்றார் மாமனார்.

இப்படியாகப் பெட்டிக்குள் தூங்கிய ஷூ வெளியே வந்தது. காலையில் மாப்பிள்ளை பாலத்தைத் தாண்டிப் போய்ப் பேப்பர் வாங்கிவந்தார். பேண்ட் மேல் ஒரு சாதாரணப் பேண்ட்டைப் போட்டால் சென்சார் கசமுசாவென்று எதையாவது காட்டுகிறது என்பதால், மாடிப்படியில் மட்டும் ஒட்டிய கறுப்புப் பேண்ட்டோடு ஏற வேண்டியிருந்தது. முதல் நாள் இரண்டாவது மாடியிலேயே நாக்குத் தள்ளியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இரண்டாவது மாடி டிராயிங் டீச்சர் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார். அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பாலே கத்துக்கறீங்களா சார்?"

"இல்லைங்க. மாமனாருக்கு முட்டி வலி."

டிராயிங் டீச்சர் வந்த வழியே உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

கீழே திரும்பி வந்தால் வீட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருப்பார். கையில் அவருடைய பழைய கடிகாரம். "லேட்" என்பார். அடுத்த நாளும் "லேட்" என்பார். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மனுஷன் வாயால் ஒரு நாளாவது "சரியான டைம்" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று வெறியோடு ஏறினார். குச்சி மனிதன் மஞ்சளானான். ஒரு நாள் காலையில், பால்கனியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவே போனைப் பார்த்தவர், வாய்விட்டுக் கத்திவிட்டார். குச்சி மனிதன் இலைப் பச்சையாக நின்றான்.

பச்சை ஒரு வாரம் மாறவில்லை. மாப்பிள்ளையின் மனக்கண்ணில் சாய்வு நாற்காலி காலியாகத் தெரிந்தது. சிப்ஸ் பாக்கெட்டைக் காதில் கேட்கும்படி பிரிக்கலாம். ரிமோட்டை மார்பின் மேல் வைத்துக்கொண்டு தூங்கலாம். அப்போதுதான் பிசியோ அம்மா அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வாழ்த்துகள் சார். நாளைக்கு எங்க பொண்ணு ஒருத்தி வருவா. புதுசா சேர்ந்தவ. பேஷண்ட் மாடியேறுறதை உங்க வீட்டுல இருந்தே டேப்லெட்ல பாத்துட்டு, கடைசியா உடம்பு அளவு எடுத்துட்டு, பேண்ட்டை வாங்கிக்கிட்டு வந்துடுவா. அவ்வளவுதான், பேஷண்ட்டுக்கு விடுதலை."

மாப்பிள்ளை மாமனாரிடம் ஓடினார்.

"மாமா, ஒரே ஒரு தடவை ஏறிடுங்க. உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடறேன்."

"என்னால ஆகாது மாப்பிள்ளை. முட்டி கெட்ட கேட்டுக்கு மாடியா?"

"சரி, ஏற வேண்டாம். லிஃப்ட்ல போறீங்களா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதில் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

பிளான் இதுதான். அந்தப் பெண் வருவதற்குள் இரண்டு பேரும் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். மாமனார் மாடியேறத் தயாராகக் கீழே காத்திருப்பதாகவும், தான் கடைக்குப் போவதாகவும் மாப்பிள்ளை மனைவியிடம் சொல்லிவிடுவார். கீழே போனதும் மாமனார் லிஃப்டில் ஏற வேண்டும். சென்சார் பேண்ட்டோடு மாப்பிள்ளை படியில் ஏறுவார். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் திரையில் குச்சி மனிதன் ஏறுவது தெரியும். மொட்டைமாடியில் இரண்டு பேரும் சந்தித்ததும், மாமனார் பேண்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, அங்கிருந்து மகளுக்குப் போன் செய்து, "வந்துட்டேம்மா" என்று மூச்சு வாங்குவார்.

"மூச்சு வாங்க உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"உங்களைப் பாத்துப் பாத்து நல்லாவே கத்துக்கிட்டேன்" என்றார் மாமனார்.

மறுநாள் எல்லாம் பிளான்படி நடந்தது. கீழே நின்றுகொண்டிருந்தபோது மாமனாரின் போனில் மகள் கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணு வந்தாச்சுப்பா. ஆரம்பிக்கலாம்." மாமனார் லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்; மாப்பிள்ளை பாதிப் படி ஏறியதும் பட்டனை அழுத்துவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை படியேறத் தொடங்கினார்.

முதல் மாடியில் தன் வீட்டு வாசலைப் பூனை மாதிரி கடந்தார். இரண்டாவது மாடியில் டிராயிங் டீச்சர் கதவைத் திறந்து, அவரைப் பார்த்ததும் மூடினார். மூன்றாவது மாடி. நான்காவது மாடி. மொட்டைமாடிக் கதவுக்குச் சில படிகளே பாக்கி இருந்தபோது கட்டடத்தில் கரெண்ட் போனது.

லிஃப்ட் ஓடும் சத்தம் நின்றது. கட்டடமே அமைதியானது. அந்த அமைதியில், கீழே எங்கிருந்தோ, ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மாமனாரின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை!"

 வயதானவர், இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே அவரை அனுப்பியது யார்? ஒரு நாற்காலிக்காக, ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்காகத் தான் செய்த வேலை இது என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கினார். லிஃப்ட் இரண்டாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை.

"மாமா! பயப்படாதீங்க! நான் இருக்கேன்!"

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும் மாப்பிள்ளை" என்றது உள்ளிருந்து குரல், பதற்றமே இல்லாமல்.

மாப்பிள்ளை கீழே பறந்தார். வாட்ச்மேன் சாவிக்கொத்தில் சாவியைத் தேடுவதற்குள் கொத்தையே பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினார். தப்பான சாவி. அடுத்த சாவி. அதுவும் தப்பு. நான்காவது சாவியில் கதவு திறந்தது. லிஃப்டின் தரை இடுப்பளவு கீழே இருந்தது. மாப்பிள்ளை மண்டியிட்டுக் கையை நீட்டினார்.

"மெதுவா மாமா. என் கையைப் பிடிச்சுக்குங்க. முட்டியை வளைக்காதீங்க. நான் தூக்கிடறேன்."

மாமனார் அவர் கையைப் பிடிக்கவில்லை. விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு எம்பு எம்பினார். மேலே வந்து நின்று சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கைத்தடி லிஃப்டுக்குள்ளேயே கிடந்தது.

மாப்பிள்ளை அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. மாமனாரின் தோளைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி முன்னால் வந்தாள். பின்னால் கழுத்தில் அளவு டேப்பும் கையில் டேப்லெட்டுமாக ஒரு சின்னப் பெண் வந்தாள். டேப்லெட் திரையில், குச்சி மனிதன் யாருக்கோ எதிரில் காலை ஊன்றி நிற்பது போல, வெறும் காற்றின் முன்னால் பச்சையாக நின்றிருந்தான்.

மனைவி கணவரின் கறுப்புப் பேண்ட்டைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டாகிவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை. "முதல் நாள்லேர்ந்து இந்தப் பேண்ட்டைப் போட்டது நான்தான். கால் ஆட்டினது, மாடி ஏறினது, ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணது எல்லாமே நான். மாமா ஒரு படிகூட ஏறலை. அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பாத்தேன். எவ்வளவு கேவலமான புத்தி எனக்கு!"

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுகையை அடக்குகிறாள் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. 

"நீ சொன்னதுதான் சரி. மாமாவுக்கு இன்னும் கொஞ்சம்கூடக் குணமாகலை. இவரைத் தனியா அனுப்ப வேண்டாம். என் ரூம்ல கட்டில் போட்டுடு. சாய்வு நாற்காலியும் அவருக்கே இருக்கட்டும். மாமா, இனிமே நீங்க எங்கயும் போக வேண்டாம். கடைசி வரைக்கும் எங்க கூடத்தான் இருக்கணும்!"

"அய்யய்யோ!" என்று அலறினார் மாமனார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டபோதுகூட அவர் அப்படி அலறவில்லை. "அதெல்லாம் வேணாம் மாப்பிள்ளை! அம்மா, நீயாவது சொல்லும்மா!"

அவர் கேட்டது மகளை. ஆனால் மகள் வாயைத் திறப்பதற்குள், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அந்தப் பெண் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மாப்பிள்ளையின் இடுப்பைச் சுற்றி அளந்துகொண்டே, நல்ல சேதி சொல்லும் முகத்தோடு நிமிர்ந்தாள்.

"பயப்படாதீங்க பெரியவரே, நீங்க இன்னிக்கே கிளம்பிடலாம்; சார், உங்களுக்குத் தெரியாது, இவரு தினமும் எங்களுக்குப் போன் பண்ணி, 'என் முட்டி சரியாகி எவ்வளவோ நாளாச்சு, எங்க மாப்பிள்ளைக்கு எப்பம்மா குணமாகும், நான் எப்ப என் வீட்டுக்குப் போறது'ன்னு அழாத குறையாக் கேட்டுக்கிட்டே இருந்தாரு!"